ரோஜா இலையில் விழுந்த வெட்டு

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் நான் செய்த வேலை, தோலைப் பார்த்து அதற்கு என்ன நேர்ந்தது என்று சொல்வது. முதல் பதம் முடிந்து நீல நிறத்தில் ஈரமாக வரும் தோல்களை மேசைமேல் விரிப்பார்கள். உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது உண்ணி கடித்தது, இது முள்வேலியில் கீறியது, இது மாட்டுக்கு அம்மை வந்து ஆறிய தழும்பு, இது உரித்தவன் கத்தி வழுக்கியது என்று ஒதுக்கிக்கொண்டே போவேன். ஒரு தோலுக்கு அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன். சரக்கு பார்க்க வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் முதலாளி அவர்களை என் மேசை முன்னால் நிறுத்தி, "இவரு சொன்னா சொன்னதுதான்" என்பார். வருடக்கணக்காக அதைக் கேட்டுக் கேட்டு நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. என் மனைவிக்குச் செடிகள் இருந்தன. வாசல் கேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் பத்தடி அகலத்துக்கு மண் விட்டிருந்தோம். அதில் ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, கேட்டின்மேல் படரவிட்ட காகிதப்பூ, இரண்டு ரோஜாச் செடிகள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. மற்ற செடிகள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும், ரோஜா தாங்காது. அதனால் நகராட்சித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்துவைத்து, அவற்றுக்கு மட்டும் சொம்பால் ஊற்றுவாள். எங்கள் ஒரே மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்க் குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டான். அவனிடம் தொலைபேசியில் பேசும்போதுகூட இன்றைக்கு எத்தனை மொட்டு என்று சொல்லிவிட்டுத்தான் பேத்தியைப் பற்றிக் கேட்பாள்.

மாடியில் ஒரு அறையும் சமையல்கட்டுமாக இருந்த போர்ஷனுக்கு ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் குடிவந்தார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவன் விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிவிட்டது என்று முதல் நாளே சொன்னாள். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை. ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. ஒருநாள் படியில் எதிர்ப்பட்டபோது, அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"தோலு மேல டைய, அதான் வெட்டற இரும்பு அச்ச, வச்சு மெஷின்ல அமுக்கணும் சார். வட்டம் வேணும்னா வட்டம், பூ வேணும்னா பூ. ஷூவுக்கு மேல ஓட்ட ஓட்டையா டிசைன் வருமில்ல, அது கூட எங்க செக்ஷன்தான்" என்றாள்.

அவள் அப்பா அணைக்கட்டுப் பக்கம் கூலிக்கு உழுது, களையெடுத்து, வாழைத்தோப்புக் காவல் இருந்து வாழ்ந்த மனிதர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சும் குழறும். மகள் அருகில் குனிந்து கேட்டால்தான் அவர் சொல்வதில் பாதி புரியும். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் அவரைக் குளிப்பாட்டி, மாடிப்படி முடியும் இடத்தில் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் ஸ்டூல்மேல் தண்ணீரும் சோற்று டப்பாவும் வைத்துவிட்டுப் போவாள். வெயில் ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். சாயங்காலம் மறுபடி வந்து உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் தெருவும், எங்கள் செடிகளும் தெரியும். அவருக்கு வேறு பார்க்க எதுவும் இல்லை.

அவர்கள் வந்த வருடக் கோடையில் செம்பருத்திக்கு ஏதோ ஆனது. நுனி இலைகள் சுருண்டுகொண்டன. மொட்டுகள் விரியாமல் உதிர்ந்தன. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. நான் தோலைப் புரட்டுவதுபோல இலையைப் புரட்டிப் பார்த்தேன். அடியில், காம்பு பிரியும் இடத்தில், பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஊதினேன், போகவில்லை. அப்போது மேலேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பெரியவர் இடது கையால் நாற்காலிக் கையைத் தட்டி, எங்கள் சுவரைக் காட்டினார். சுவரில் எறும்பு வரிசை. அது செம்பருத்தித் தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஏதோ சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எறும்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு ஏறுகிறது, எறும்பே அதைக் கிளைக்குக் கிளை கொண்டுபோகிறது. மோசமான நுனிகளை வெட்டி எறிந்தோம். சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தோம். ஒரு மாதத்தில் செடி தேறிவிட்டது.

"தோலுதான் தெரியும்னு நெனச்சேன், எலைகூட தெரியுதே உங்களுக்கு" என்றாள் என் மனைவி. நான் சிரித்துக்கொண்டேன். மேலேயிருந்து தட்டிய கையைப் பற்றி அவளிடம் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஆனி மாதத்தில் ஒரு தகராறு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவருக்குச் சில நாள் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். மகள் விடியற்காலையில் போர்வையையும் பாயையும் மாடியில் அலசுவாள். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி ரோஜாப் பாத்தியில் விழும். சோப்பும் டெட்டாலும் கலந்த தண்ணீர். என் மனைவி பார்த்துவிட்டு மேலே போய்ச் சொன்னாள்.

"ஏம்மா, நா குடத்துல புடிச்சு வச்சு ஊத்தறேன், நீ இந்தத் தண்ணிய வுடுறியே. வாடை வேற வருது. வேற பக்கம் ஊத்தக் கூடாதா?"

"குழா அங்கதானம்மா வருது. நா இன்னா பண்றது?" என்று அவளும் சற்று வெடுக்கென்று கேட்டுவிட்டாள். வேலைக்குப் போகிற அவசரம். இவளுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. அந்த வாரமே அந்தப் பெண் ஒரு ரப்பர் குழாய் வாங்கிவந்து நீட்டிவிட்டு, தண்ணீரைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டாள். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஆடி பிறந்து சில நாளில், காலையில் என் மனைவி வாசலிலிருந்து கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் பாம்பு ஏதாவது வந்துவிட்டதோ என்று ஓடினேன். ரோஜாச் செடி முன்னால் நின்றிருந்தாள்.

"இன்னான்னு பாருங்க இத."

ஏழெட்டு இலைகளில் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டு விழுந்திருந்தது. அரைவட்டம். சிலவற்றில் முழுவட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. எல்லாம் சட்டைப் பொத்தான் அளவு. பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் போட்ட துளைபோல அத்தனை சுத்தம். மறுநாள் இன்னும் நாலு இலை. அதற்கடுத்த நாள் கேட்டின் காகிதப்பூ இலையிலும் அதே வெட்டு.

நான் என் கண்ணாடியையும், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புழு தின்றால் கீழே கடுகுபோலப் புழுக்கை கிடக்கும். மண்ணில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பார்த்தேன், எதுவும் விழவில்லை. வெட்டுக்கிளி தின்றால் ஓரம் பிய்ந்து கோணல்மாணலாக இருக்கும். வண்டு தின்றால் நடுவில் சல்லடைபோல ஓட்டை விழும், நரம்பு மிஞ்சும். இங்கே நரம்பும் சேர்ந்து ஒரே வீச்சில் போயிருந்தது. வலை இல்லை, முட்டை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. வேப்பெண்ணெய் அடித்துப் பார்த்தோம். வெட்டு நிற்கவில்லை. நத்தை இருக்குமோ என்று பொழுது சாய்ந்ததும் டார்ச் அடித்துத் தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை.

வாழ்நாளெல்லாம் விளிம்பைப் பார்த்தே முடிவு சொன்னவன் நான். உயிருள்ளது கடித்தால் விளிம்பு பிசிறும், கருவி வெட்டினால் பிசிறாது. இதுதான் என் பாடம். அந்த இலையின் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை.

"இது பூச்சி இல்ல. பிளேடு, இல்லன்னா கத்தரி. இல்லன்னா ஏதோ டை" என்றேன்.

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அது எங்கே போய் முட்டுகிறது என்று எனக்கே உறைத்தது. என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, மாடியைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து மாடித் தொட்டியில் தண்ணீர் பார்க்கப் போனவள், கையை மூடிக்கொண்டு இறங்கி வந்தாள். என் முன்னால் விரித்துக் காட்டினாள். மூன்று வட்டமான இலைத்துண்டுகள், கொஞ்சம் வாடியிருந்தன. "அவங்க கதவுகிட்ட, மேல் படியில கெடந்திச்சு." நான் அவற்றை எடுத்துப்போய் ரோஜா இலையின் வெட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அப்படியே பொருந்தியது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த வாரம் அந்தப் பெண் வேலைக்குக் கிளம்பி இறங்கியவள், ரோஜாச் செடி அருகில் நின்று ஓர் இலையைக் கையில் பிடித்துப் பார்த்தாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் திரும்பி, அந்தத் தகராறுக்குப் பிறகு முதல் தடவையாக, "இன்னாம்மா, எலையெல்லாம் ஓட்ட ஓட்டையா கீது?" என்று கேட்டாள்.

அவள் போனதும் என் மனைவி உள்ளே வந்து சமையல்கட்டில் நின்று அழுதாள். "வெட்டறதையும் வெட்டிட்டு என்னையே கேக்கறா பாருங்க. நக்கலு."

எனக்கும் அது நக்கலாகத்தான் பட்டது. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள், என்ன ஆட்கள் என்பதெல்லாம் எங்கள் மனதின் மூலையில் எங்கேயோ இருந்து அந்த எண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். எங்கள் சொந்தக்காரப் பெண் யாராவது மாடியில் இருந்திருந்தால், நான் இன்னொரு தடவை பூதக்கண்ணாடியை எடுத்திருப்பேன்.

நேராகக் கேட்டுவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். என் மனைவிதான் தடுத்தாள். கேட்டால் இல்லை என்பாள், சத்தம் வரும், தெருவே கூடும். மகன் வருகிறான் என்று சொல்லிக் காலி பண்ணச் சொல்லிவிடலாம் என்றாள். எனக்கும் அது சுலபமாகத் தோன்றியது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். பெரியவர் தன் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கிக் கும்பிட முயன்றார். ஏதோ சொல்லவும் செய்தார். நான் தலையை ஆட்டிவிட்டு அவரைத் தாண்டிப் போய் வாசல்படியில் நின்றேன்.

"பையன் பெங்களூர்லேர்ந்து வந்துடறான்மா. போர்ஷன் வேணும். வேற எடம் பாத்துக்க."

அவள் கையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு நின்றாள். "ஒரு மாசம் டைம் குடுங்க சார். அப்பாவ வச்சுனு சட்டுனு எங்கயும் போவ முடியாது. வாதம் வந்த ஆளுன்னா வீடு குடுக்க யோசிக்கறாங்க" என்றாள். பிறகு, "வேற எதுனா காரணமா சார்? எங்க மேல தப்பு இருந்தா சொல்லுங்க, மாத்திக்கறோம்" என்றாள்.

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. பையன் வர்றான்."

வாணியம்பாடிப் பக்கம் ஏதோ ஒரு தெருவில் இடம் கிடைத்தது என்று சொன்னாள். ஐப்பசியில் போனார்கள். மழை பிடித்துக்கொண்ட நாள். பெரியவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி இறக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி சாய்ந்தபோது அவர் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்வரை என் மனைவி வெளியே வரவில்லை. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனதும் வெட்டு நின்றுவிட்டது. கார்த்திகை, மார்கழி, தை. ஓர் இலையிலும் ஒரு பொத்தான் அளவுகூடக் குறையவில்லை. "பாத்தீங்களா" என்றாள் என் மனைவி. "நாந்தான் சொன்னேனே" என்றேன் நான். மாடி காலியாகவே கிடந்தது. மகன் வருவதாக நாங்கள் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்ததால் உடனே வேறு யாருக்கும் விடவும் முடியவில்லை.

மாசிக் கடைசியில் வெயில் ஏறியது. ரோஜா புதுத்துளிர் விட்டது. ஒருநாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து எதிரில் நின்றாள். இந்தத் தடவை கூப்பிடவில்லை. நான் எழுந்து வெளியே போனேன். செம்பழுப்பு நிறத்தில் இருந்த இளம் இலையில் புத்தம்புது அரைவட்டம். விளிம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

மறுநாள் நாற்காலியைச் செடியிலிருந்து நான்கடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பத்து மணி வெயிலில் அது வந்தது. தேனீதான், ஆனால் நாம் பார்க்கும் தேனீயைவிடக் கறுப்பு, சற்றுக் கட்டை. இலையின் ஓரத்தில் உட்கார்ந்தது. காலால் விளிம்பை இடுக்கிக்கொண்டு, வாயால் வெட்டியபடியே ஒரு சுற்றுச் சுற்றியது. பத்து எண்ணுவதற்குள் துண்டு கழன்றுவிட்டது. துண்டோடு சேர்ந்து கீழே விழப்போய், விழாமல், அதை வயிற்றுக்கடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்தது. மாடிப் பக்கம்.

படியேறினேன். மூச்சு வாங்கியது. மாடிக் கதவின் பக்கத்துச் சுவரில், வீடு கட்டும்போது காலிங் பெல்லுக்காகப் பதித்த ஒரு விரல் தடிமன் பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. பெல் வைக்கவே இல்லை, வாய் திறந்தபடியே விட்டுவிட்டோம். தேனீ இலையோடு அதற்குள் போனது. கொஞ்ச நேரத்தில் வெறுமனே வெளியே வந்தது. கீழே படியில் அது தவறவிட்ட இரண்டு வட்டத்துண்டுகள் கிடந்தன. பெரியவரின் நாற்காலி இருந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் அந்தக் குழாய்.

அது மறுபடி பறந்துபோனதும் ஒரு கம்பியை விட்டு இழுத்தேன். பச்சைப் பீடிபோல இறுக்கமாகச் சுருட்டிய இலைச்சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றைப் பிரித்தேன். எட்டோ பத்தோ துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டதுபோல ஒட்டி, உள்ளே மஞ்சளாகக் கூழ்போல மகரந்தம். அதன்மேல் அரிசிமுனை அளவு வெள்ளையாக ஏதோ இருந்தது. அது மெல்ல அசைந்தது. பிரித்ததைத் திரும்பச் சுருட்ட முயன்றேன். முடியவில்லை.

மிச்சச் சுருள்களை ஒரு டப்பாவில் போட்டுத் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த இளம்பெண் அதிகாரி டப்பாவைத் திறந்ததுமே சிரித்தார். "இலைவெட்டித் தேனீ சார். எலைய திங்காது, கூடு கட்றதுக்குத்தான் எடுத்துட்டுப் போவும். மழ, பனியில காணாம போயிடும், வெயிலு வந்தா மறுபடி வரும். செடிக்கு ஒரு நஷ்டமும் இல்ல. மருந்துகிருந்து அடிச்சிடாதீங்க, பூவுக்கு நல்லது செய்யிற பூச்சி." எழுந்து வரும்போது, "ரொம்ப பயந்துட்டீங்களா சார்?" என்றும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

அவள் வேலை செய்யும் ஷூ கம்பெனி எனக்குத் தெரியும். சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். ஒரே நிறக் கோட்டு போட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே சமயத்தில் வெளியே வந்தார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று போர்டு வைத்த பஸ்களை நோக்கிக் கலைந்து ஓடினார்கள். அவளை நான் அடையாளம் காண்பதற்கு முன் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். இளைத்திருந்தாள்.

"இன்னா சார், இங்க?"

"உன்னத்தாம்மா பாக்க வந்தேன். அப்பா எப்படி இருக்காரு?"

"தையில போய்ட்டாரு சார்."

மதில் ஓரமாக ஒரு டீக்கடை பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்தோம். அவள் பஸ்ஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எதற்கு வந்தேனோ அதைச் சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு சொன்னேன். இலையைச் சொன்னேன், நான் கண்டுபிடித்ததாக நினைத்ததைச் சொன்னேன், படியில் கிடந்த துண்டைச் சொன்னேன், மகன் வருவதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். தேனீயைக் கடைசியில்தான் சொன்னேன்.

அவள் பஸ்ஸைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடித்ததும், "எலைக்கா?" என்றாள்.



"ரோஜா எலைக்கா சார் எங்கள அனுப்னீங்க?" மறுபடி கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். "நா மொதல்ல ஜாதி தெரிஞ்சு போயிட்சு போலன்னு நெனச்சேன். அது பழக்கமானதுதான். அப்பாதான் ஒத்துக்கல. என் மூத்தர வாடைக்குத்தான் அனுப்பிட்டாங்க, அந்தம்மா அன்னைக்கே சொன்னாங்களேன்னு சொல்வாரு. புது வீட்டுல ஒரே ரூமு, ஒரு ஜன்னலு, வெளிய ஒக்கார எடமில்ல. படுத்துனே இருப்பாரு. அங்கயும் அனுப்பிடுவாங்களோன்னு பயந்துனு தண்ணி குடிக்க மாட்டாரு சார். குடிச்சா போவுமேன்னு. நா வேலைக்குப் போற நேரத்துல சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாரு. கிட்னி போயிட்சுன்னாங்க ஆஸ்பத்திரியில."

பஸ் ஹாரன் அடித்தது. அவள் எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"அவரு சொல்லினே இருந்தாரு சார், உங்க வீட்ல இருக்கசொல்ல. ஒரு தேனீ எலைய தூக்கினு வருது, சுவத்துல பூந்துக்குதுன்னு. வாய் கொழறும். நா வேலை அவசரத்துல சரி சரின்னுட்டுப் போய்டுவேன். உங்ககிட்ட கூட சொல்றேன்னாரு. சொன்னாரா?"

நான் போர்ஷன் வேண்டும் என்று சொல்லப்போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவர் கையைத் தூக்கி ஏதோ சொன்னதும், நான் தலையை ஆட்டிவிட்டுத் தாண்டிப்போனதும்.

"சொன்னாரும்மா. நாந்தான் நிக்கல" என்றேன்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். தண்ணீர் குடிக்காமல் இருந்ததை மட்டும் மறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் என் மனைவி கேட்டாள், "எப்டி போனாரு?" அவளிடமும் ஒரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து சில நாள் அவள் தண்ணீர்க் குடத்தைத் தொடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். செடிக்கு ஊற்றுவதும் ஊற்றாததும் அவளுக்குச் சமமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, நானும் வருகிறேன், அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கம்பெனியில் விசாரித்து விலாசம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வாணியம்பாடி போனோம். இரண்டாம் மாடி, செங்குத்தான குறுகல் படி. இந்தப் படியில் அவரை எப்படி ஏற்றினார்கள், எப்படி இறக்கினார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். என் மனைவி நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண் கதவைத் திறந்ததும் திகைத்தாள். பிறகு, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்று பாயை விரித்தாள். அறை அவள் சொன்னபடியே இருந்தது. ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அப்பாவின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம்போல முகம் மங்கலாக இருந்தது. என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு, வாங்கிப் போயிருந்த பழப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டும் என்று அவள் தயார்செய்து வந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வாடைன்னு சொல்லிட்டேன்மா. அந்த வார்த்தைய சொல்லிட்டேன்" என்பதையே மூன்று நான்கு தடவை சொன்னாள்.

"வுடுங்கம்மா" என்றாள் அவள். டீ போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தியா என்று கேட்டாள். வேலையைப் பற்றி நான் கேட்டதற்கு, இப்போது தையல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். பக்கத்து வீட்டில் உருதுவில் யாரோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இவ்ளோ தூரம் வந்ததே போதும். ஆனா இனிமே வராதீங்க. நா இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துனு வர்றேன். உங்களப் பாத்தா எல்லாம் திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

என் மனைவி சரி என்று தலையசைத்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். என் மனைவிக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. நான் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம்பூர் வந்ததும் அவள் முன்வாசல் வழியாக இறங்கினாள். நான் கூட்டத்தை விலக்கி இறங்குவதற்குள், என்னைத் திரும்பிப் பார்க்காமல், சாலையைக் கடந்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.